செம்பனைத் தோட்டங்களில் கனரக இயந்திரங்களை ஏற்றும் ஹைட்ராலிக் டிரெய்லர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானிலிருந்து ஊத்தான் மெலிந்தாங், சுங்கை சுமுன் வழியாகப் பாகான் டத்தோ வரையிலும், மறுபக்கம் பீடோர், தாப்பா வரையிலும் உள்ள தோட்டங்களுக்கு இயந்திரங்களை ஏற்றி இறக்குவது எங்கள் குடும்பத் தொழில். செம்பனை நட்டு ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆனதும் மறுநடவு வரும். பழைய மரங்களைத் தீயிட்டு அழிக்காமல் சாய்த்துத் துண்டு துண்டாகச் சீவுவதற்கு எக்ஸ்கவேட்டர்கள் வேண்டும். அவற்றைக் கொண்டுவர டிரெய்லர் வேண்டும். அக்காலங்களில் புதிதாகக் குத்தகை எடுத்த தம்பிமார்களும், தோட்ட அலுவலகக் கிராணிகளும் (எழுத்தர்களும்), டிரெய்லரை இழுக்கும் வண்டியான பிரைம் மூவரில் அண்மையில் ஏறிய ஓட்டுநர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஹைட்ராலிக் டிரெய்லர் என்பது எது? எல்லா லோ லோடரும் ஹைட்ராலிக் டிரெய்லர்தானா?

இல்லை. நம் ஊரில் தாழ்ந்த தளம் கொண்ட எல்லா டிரெய்லரையும் லோ லோடர் என்றே அழைத்துவிடுகிறோம். அவற்றுள் எண்ணெய் அழுத்தம் எந்த உறுப்பில் வேலை செய்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. முதல் வகையில் இயந்திரம் ஏறி வரும் சரிவுப் பலகையான பின்புற ரேம்ப் மட்டும் சிலிண்டரால் ஏறி இறங்கும். இரண்டாம் வகையில் கூஸ்நெக் எனப்படும் முன்கழுத்தே ஹைட்ராலிக்கால் இயங்கும். கழுத்தைக் கழற்றித் தளத்தைத் தரையில் கிடத்தி, இயந்திரத்தை முன்புறமாக ஏற்றலாம். மூன்றாம் வகையில் அச்சுகளுக்கு ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சிலிண்டர்கள் இருக்கும். தளம் முழுவதையும் உயர்த்தலாம், தாழ்த்தலாம், ஒரு பக்கமாகச் சாய்க்கலாம். வாடகைக்குப் பேசும்போது "ஹைட்ராலிக் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எதில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

கை அகலச் சிலிண்டர் ஒன்று அத்தனை டன்னை எப்படித் தூக்குகிறது?

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பாஸ்கலின் விதி. உள்விட்டம் 100 மில்லிமீட்டர் உள்ள சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர சென்டிமீட்டர். அதில் 180 பார் அழுத்தம் கொடுத்தால் கிடைக்கும் உந்துவிசை 14 டன்னுக்கும் சற்று அதிகம். இரண்டு சிலிண்டர்கள் இருந்தால் 28 டன்.

ஆனால் இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருக்கும் பலர், அதன் மறுபக்கத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த 28 டன்னையும் அப்போது தாங்கிக்கொண்டிருப்பது சில லிட்டர் எண்ணெயும், விரல் தடிமன் ரப்பர் ஹோஸும், ஒரு சீலும்தான். ஆகவே தூக்குவதற்கு எண்ணெயை நம்பலாம். தாங்கி நிற்பதற்கு இரும்பைத்தான் நம்ப வேண்டும். உயர்த்திய கழுத்துக்குப் பூட்டு ஊசி, நிமிர்த்திய ரேம்புக்குக் கொக்கியும் சங்கிலியும், அடியில் ஆள் நுழைய வேண்டுமானால் கெட்டியான மரக்கட்டை அடுக்கு ஆகியவை இல்லாமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது. ஹோஸ் வெடித்தால் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வால்வு சிலிண்டரின் வாயிலேயே பொருத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வால்வு எங்கோ தொலைவில் இருந்தால், வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையில் உள்ள ஹோஸ் வெடிக்கும்போது அது உதவாது.

எங்கள் தோட்டத்துக்கு எந்த வகை டிரெய்லர் பொருந்தும்?

நீங்கள் அடிக்கடி ஏற்றுவது 20 டன் வகுப்பு எக்ஸ்கவேட்டர், டி6 வகுப்புப் புல்டோசர், உருளை, டிராக்டர் ஆகியவைதான் என்றால், நிலையான கழுத்தும் ஹைட்ராலிக் ரேம்பும் கொண்ட மூன்று அச்சு லோ லோடரே போதுமானது என்பது என் உறுதியான கருத்து. கழுத்து கழற்றும் டிரெய்லர் பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும். அதன் தளம் சாலையிலிருந்து அரை மீட்டர் அளவே உயரம் என்பதால், உயரமான இயந்திரங்களுக்கு அது இன்றியமையாததும் ஆகும். எனினும் கழுத்தைக் கழற்றி மீண்டும் கோப்பதற்குச் சமமான, கெட்டியான நிலம் வேண்டும். மழை பெய்த தோட்டச் சாலையில் அப்படி ஓர் இடத்தைத் தேடி ஒரு மணி நேரம் போய்விடும். அதைவிடப் பெரிய தொல்லை, தோட்டச் சாலைகளில் பாரிட்டை, அதாவது வடிகால் வாய்க்காலை, கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் குழாய்ப் பாலத்துக்காக மண் மேடாக்கப்பட்டிருக்கும். தாழ்ந்த நீண்ட தளம் அந்த மேட்டில் வயிறு தட்டி நின்றுவிடும். அச்சில் ஹைட்ராலிக் உள்ள டிரெய்லரானால் தளத்தை உயர்த்திக் கடந்துவிடலாம். அந்த வசதி இல்லாவிட்டால் இன்னொரு இயந்திரத்தைக் கொண்டுவந்துதான் இழுக்க வேண்டும்.

சதுப்பு நிலத்துக்காக அகலமான டிராக் மாட்டிய எக்ஸ்கவேட்டர்கள் நம் கடலோரத் தோட்டங்களில் நிறைய உண்டு. அவற்றுக்குப் பக்கவாட்டில் விரியும் தளம் உள்ள டிரெய்லரைத் தேர்ந்தெடுங்கள். டிராக்கின் மூன்றில் ஒரு பங்கு தளத்துக்கு வெளியே தொங்கியபடி செல்லும் காட்சியை நான் பலமுறை கண்டிருக்கிறேன்; ஒவ்வொரு முறையும் மனம் பதைத்திருக்கிறது.

எண்ணெய் அழுத்தம் தரும் பம்ப்பை பிரைம் மூவரின் இயந்திரத்திலிருந்து இயக்குவது நல்லதா, டிரெய்லரிலேயே தனி டீசல் மோட்டார் வைத்துக்கொள்வது நல்லதா?

ஒரே பிரைம் மூவர், ஒரே டிரெய்லர் என்று இணை பிரியாமல் ஓடினால் முதலாவது சிறந்தது. இழுக்கும் வண்டி அடிக்கடி மாறினால் தனி மோட்டார் வைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தின் எடையை எப்படி உறுதிப்படுத்துவது?

இயந்திரத்தில் அடித்திருக்கும் தகட்டையும், அந்த மாடலுக்கான கையேட்டையும் பாருங்கள். கொமாட்சு பிசி200 ஏறத்தாழ 20 டன். கேட்டர்பில்லர் 320 ஏறத்தாழ 22 டன். ஆனால் கையேட்டில் உள்ளது தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய இயந்திரத்தின் எடை. அகல டிராக், மரம் சீவும் சிறப்பு வாளி, கூடுதல் காப்புக் கூண்டு, நிரம்பிய டீசல் தொட்டி ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். டிராக்குக்குள் காய்ந்து இறுகிப்போன களிமண்ணையும் மறக்காதீர்கள். இயன்றால் ஏற்றும் முன் மண்வெட்டியால் அதைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். எடை குறைவது ஒருபுறம் இருக்க, அந்த மண் நெடுஞ்சாலையில் கட்டியாக விழுந்து பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டிக்கு ஆபத்தாகாமல் இருப்பதும் முக்கியம். தோட்டத்துக்குள் ஆலை இருந்தால், பழக்குலை லோரிகளை நிறுக்கும் எடைமேடையில் பிரைம் மூவரையும் டிரெய்லரையும் ஏற்றிப் பார்த்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். மேடையின் தாங்குதிறனை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன உரிமங்களும் அனுமதிகளும் தேவை?

தன் சொந்த இயந்திரத்தை ஏற்றிச் செல்வதற்கு ஓர் உரிமம், பிறருடைய இயந்திரத்தைக் கூலிக்கு ஏற்றிச் செல்வதற்கு வேறோர் உரிமம் என்பதை இளைய குத்தகையாளர்கள் பலர் அறியாமல் இருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, கூலிக்கு ஏற்றுவதற்கு ஏ வகைச் சுமை உரிமமும், சொந்தச் சரக்குக்குச் சி வகை உரிமமும் உண்டு. சி வகையை வைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குக் கூலி ஓட்டினால் அது சட்டமீறல். விபத்து நேர்ந்தால் காப்புறுதி பற்றிய சிக்கலும் அங்கேதான் தொடங்கும்.

அகலத்தைப் பொறுத்தவரை, சாலையில் ஓடும் வாகனத்துக்கான பொது வரம்பு 2.5 மீட்டர். 20 டன் எக்ஸ்கவேட்டரின் வழக்கமான அகலமே 2.8 மீட்டர் அளவில் இருக்கிறது. புல்டோசரின் முன்தகடு 3 மீட்டரையும் தாண்டும். ஆகவே சிறப்பு அனுமதி என்பது எப்போதோ ஒருமுறை தேவைப்படுவது அன்று. நம் தொழிலில் அது அன்றாடத் தேவை. ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் விண்ணப்பிக்கும்போது பயணப் பாதை, மொத்த எடை, ஒவ்வோர் அச்சிலும் விழும் எடை, நீள அகல உயரங்கள் ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். பாலங்கள் சம்பந்தப்பட்டால் ஜேகேஆர் எனப்படும் பொதுப்பணித் துறையின் கருத்தும் தேவைப்படும். கூட்டரசுச் சாலைகளில் அச்சு எடைகளை 1989ஆம் ஆண்டின் எடைக் கட்டுப்பாட்டு ஆணையும், அதன் பிந்திய திருத்தங்களும் வரையறுக்கின்றன. அனுமதி கிடைக்கும்வரை இயந்திரம் தோட்டத்திலேயே இருக்கட்டும் என்று நிர்வாகியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவசரப்படுத்துபவருக்காக அனுமதியின்றிப் புறப்படாதீர்கள். புல்டோசரின் தகட்டைக் கழற்றித் தனியே ஏற்றினால் அகலம் குறையும்; இரண்டு மணி நேர வேலையாக இருந்தாலும் நான் அதையே விரும்புகிறேன்.

ஓட்டுநருக்கு எந்த உரிமம் வேண்டும்?

டிரெய்லர் இழுக்கும் பிரைம் மூவருக்கு முழு இ வகுப்பு ஓட்டுநர் உரிமமும், அதனுடன் ஜிடிஎல் எனப்படும் சரக்கு வாகன உரிமமும் வேண்டும். இ1, இ2 ஆகியவை போதா.

இயந்திரத்தைத் தளத்தில் எந்த இடத்தில் நிறுத்துவது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரெய்லரைப் பிரைம் மூவரோடு இணைக்கும் கிங்பின் ஊசிக்கும் அச்சுக்குழுவின் நடுப்புள்ளிக்கும் இடையே 9 மீட்டர் என்று கொள்வோம். 21 டன் இயந்திரத்தின் எடைமையம் அச்சுக்குழுவின் நடுவிலிருந்து 3 மீட்டர் முன்னால் இருந்தால், மூன்றில் ஒரு பங்கான 7 டன் கிங்பின்னிலும், 14 டன் அச்சுகளிலும் விழும். அதே இயந்திரத்தை 1 மீட்டர் பின்னுக்கு நிறுத்தினால் கிங்பின்னில் 4.7 டன் அளவும், அச்சுகளில் 16.3 டன் அளவும் விழும். ஒரே ஒரு மீட்டரில் இரண்டு டன்னுக்கு மேல் இடம் மாறிவிடுகிறது. பின்னுக்குப் போகப் போகப் பிரைம் மூவரின் இயக்கச் சக்கரங்கள் இலேசாகி, ஈரமான ஏற்றத்தில் சுழன்று நிற்கும். முன்னுக்குப் போகப் போக அதன் பின்னச்சு வரம்பை மீறும். எக்ஸ்கவேட்டரின் எடைமையம் கண்ணுக்குத் தெரியும் நடுவில் இருப்பதில்லை. பின்புற எதிர்எடை அதைத் தன் பக்கம் இழுத்துவைத்திருக்கும். எந்தப் பக்கம் எதிர்எடை திரும்பியிருக்கிறது என்பதைப் பார்த்தே இடத்தை முடிவு செய்ய வேண்டும். சரியான இடம் கிடைத்ததும் தளத்தின் ஓரத்தில் சாயத்தால் கோடு போட்டு, இயந்திரத்தின் பெயரையும் எழுதிவிடுங்கள். எங்கள் டிரெய்லரில் அப்படி ஏழு கோடுகள் இருக்கின்றன.

மழைக்காலத்தில் ஏற்றும்போது இயந்திரம் வழுக்குகிறது. என்ன செய்வது?

நான் மிகுந்த கவலையோடு பதில் சொல்லும் கேள்வி இதுதான். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நம் பேராக் கடலோரத்தில் பிற்பகலில் கொட்டும் மழைக்குப் பிறகு, இரும்பு டிராக், இரும்பு ரேம்ப், இரண்டுக்கும் நடுவே வெண்ணெய் போன்ற களிமண் என்று மூன்றும் சேர்ந்துவிடுகின்றன.

ரேம்பின் சரிவை முதலில் பார்க்க வேண்டும். தளம் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, ரேம்ப் 2 மீட்டர் நீளமே இருந்தால் சரிவு 27 பாகை அளவு, 3 மீட்டராக இருந்தால் ஏறத்தாழ 17 பாகை, 3.5 மீட்டரானால் 15 பாகை. 27 பாகைச் சரிவில் வழுக்காமல் நிற்க 0.5 அளவு உராய்வுக் கெழு வேண்டும். 15 பாகைக்கு 0.27 போதும். ஈரமான இரும்பின் மேல் இரும்பு 0.1 முதல் 0.2 வரைதான் தரும். அதாவது வெறும் இரும்பு ரேம்பில், 15 பாகைச் சரிவுகூட மழையில் பாதுகாப்பானது அன்று. ஆகவே ரேம்பின் மேற்புறத்தில் கெட்டியான மரச்சட்டங்கள் பதித்திருக்க வேண்டும். தளத்திலும் மரப்பலகையோ தடித்த ரப்பர் விரிப்போ இருக்க வேண்டும். மரம் 0.3 முதல் 0.4 வரையிலும், நல்ல ரப்பர் விரிப்பு 0.6 அளவிலும் உராய்வு தரும். அவையும் சேறு படிந்தால் பயனற்றுப் போகும் என்பதால், ஏற்றும் முன் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு, டிராக்கையும் சுத்தம் செய்யுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன், வாடகைக்கு எடுத்த ஒரு டிரெய்லரில் மாலை மழையில் எக்ஸ்கவேட்டரை ஏற்றினோம். ரேம்பில் இருந்த மரச்சட்டங்கள் தேய்ந்து இரும்பு வெளியே தெரிந்ததை நான் பார்த்தும், இருட்டுமுன் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். பாதி ஏறிய நிலையில் டிராக் ஓர் அடி பக்கவாட்டில் வழுக்கியது. இயக்குநர் கையை லீவரிலிருந்து எடுத்து அசையாமல் நிறுத்தியதால் அது கவிழவில்லை. அந்த ஓர் அடிக்கு இடதுபுறத்தில் எங்கள் கெலிண்டான் (ஓட்டுநரின் உதவியாளர்) நின்றிருந்தார். அன்று முதல் ஏற்றும்போதும் இறக்கும்போதும் டிரெய்லரின் பக்கவாட்டில் யாரும் நிற்பதற்கு நான் அனுமதிப்பதில்லை. கைகாட்டுபவர் ஒருவர் மட்டுமே, இயக்குநரின் பார்வையில் படும்படி, தொலைவில் நிற்பார். ரேம்பில் இருக்கும்போது திசைதிருத்தவோ மேற்பகுதியைச் சுழற்றவோ கூடாது. கோணம் தவறிவிட்டால் கீழே இறங்கி மறுபடியும் நேராக வர வேண்டும்.

எத்தனை சங்கிலி போட வேண்டும்? பெல்ட் போதாதா?

டிராக் இயந்திரத்துக்குத் துணிப் பெல்ட்டை நான் ஏற்பதில்லை. கூரான விளிம்பில் உரசி அறுந்துவிடும். திடீர்ப் பிரேக்கில் சுமை முன்னோக்கித் தள்ளும் விசையை அதன் எடையில் 0.8 மடங்காகவும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 மடங்காகவும் ஐரோப்பியத் தரவிதி கொள்கிறது. 20 டன் இயந்திரத்துக்கு முன்னோக்கி 16 டன். சுத்தமான மரத்தளத்தின் உராய்வை 0.3 என்று எடுத்து 6 டன்னைக் கழித்தால், மீதி 10 டன்னைச் சங்கிலிகள் தாங்க வேண்டும். கிரேடு 80 சங்கிலியில், 13 மில்லிமீட்டர் சங்கிலியின் கட்டுத்திறன் 10 டன். 10 மில்லிமீட்டர் சங்கிலியின் கட்டுத்திறன் 6.3 டன். சங்கிலி கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் 45 பாகையில் செல்லும்போது, முன்பின் திசையில் அதன் திறனில் பாதிதான் பயன்படும். ஆகவே முன்னோக்கிய நகர்வைத் தடுக்கும் இரண்டு 13 மில்லிமீட்டர் சங்கிலிகள் சேர்ந்து சரியாக 10 டன்னைத் தரும். 10 மில்லிமீட்டரில் இரண்டு போட்டால் 6.3 டன்னோடு நின்றுவிடும். தளம் சேறாக இருந்தால் முன்சொன்ன 6 டன்னும் கிடைக்காது. நான்கு மூலைக்கும் 13 மில்லிமீட்டர் சங்கிலி, டிராக்கின் முன்னால் தளத்தோடு பிணைத்த தடுப்புக்கட்டை, வாளிக்கும் கரத்துக்கும் தனிச் சங்கிலி, சுழலாமல் இருக்க மேற்பகுதிப் பூட்டு என்பதே எங்கள் வழக்கம். பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மீண்டும் இறுக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் சங்கிலி நிச்சயமாகத் தளரும்.

தோட்டத்துச் சிறு பாலங்களில் இயந்திரத்தை இறக்கி ஓட்டிக் கடப்பது பாதுகாப்பா?

எல்லோரும் பாதுகாப்பு என்றுதான் நினைக்கிறார்கள். பாலத்தின் நீளத்தைப் பொறுத்தே அதைச் சொல்ல முடியும். 20 டன் இயந்திரம், 11 டன் டிரெய்லர், 9 டன் பிரைம் மூவர் சேர்ந்து 40 டன் என்று வைத்துக்கொள்வோம். 15 மீட்டர் நீளப் பாலமாக இருந்தால் அந்த 40 டன்னும் ஒரே நேரத்தில் பாலத்தின் மேல் வந்துவிடும். இறக்கி ஓட்டினால் 20 டன்தான். பாதிக்குப் பாதி இலாபம். ஆனால் 3 மீட்டர் அகலப் பாரிட்டின் மேல் உள்ள குழாய்ப் பாலத்தில் ஒரு நேரத்தில் நிற்பது டிரெய்லரின் அச்சுக்குழு மட்டுமே. இயந்திரத்தின் பங்கு 13 டன் அளவும் டிரெய்லரின் சொந்தப் பங்கும் சேர்ந்து அங்கே ஏறத்தாழ 20 டன். இறக்கி ஓட்டினாலும் எக்ஸ்கவேட்டரின் எடை அதே 20 டன். அங்கே இறக்குவதால் பெரிய பயன் இல்லை. சக்கரத்தடம் மண்ணைக் குத்துவதைவிட டிராக் எடையைப் பரப்பி வைக்கும் என்பது மட்டுமே இலாபம். எனவே குறுகிய பாலத்தைக் கடப்பதற்கு இறக்குவதைவிட, குழாயின் மேல் போதிய மண் இருக்கிறதா, குழாயின் வாய் நசுங்கியிருக்கிறதா, இரு கரைகளும் அரிக்கப்பட்டிருக்கின்றனவா என்று முதல்நாளே இறங்கிப் பார்ப்பது முக்கியம். தடித்த இரும்புத் தகடுகளைப் பாரிட்டின் இரு கரைகளையும் தாண்டிக் கிடத்துவது நல்ல பழக்கம். செம்பனை மரத்தண்டைப் போட்டுக் கட்டிய பாலத்தில் எந்தச் சூழ்நிலையிலும் ஏறாதீர்கள். தண்டு உள்ளே நாராகவே இருக்கும், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் விரைவில் உளுத்துவிடும்.

கரிமண் எனப்படும் சதுப்பு நிலப் பகுதிகளில், மேலே காய்ந்த சாலை போலத் தெரிந்தாலும் ஓரம் நீர் கோத்திருக்கும். நடுச்சாலையை விட்டு விலகாமல் செல்லுங்கள். எதிரே பழக்குலை டிராக்டர் வந்தால், அது ஒதுங்கும்படி மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) முன்பே பேசி வைத்திருங்கள்.

மின்கம்பிகளுக்கு அடியில் செல்லும்போது?

ஏற்றிக் கட்டிய பிறகு அளவுகோலை வைத்து உயரத்தை அளங்கள். 3 மீட்டர் உயர இயந்திரம் 95 சென்டிமீட்டர் தளத்தின் மேல் நின்றால் 4 மீட்டர் அளவுக்கு வந்துவிடும். எக்ஸ்கவேட்டரில் கரத்தின் மடிப்புதான் பெரும்பாலும் உச்சப்புள்ளி. தோட்டத்து லயன் வீடுகளுக்குச் செல்லும் கம்பிகள் தொய்ந்து தாழ்ந்திருக்கும். கம்பியைக் கழியால் உயர்த்திப் பிடிக்கக் கெலிண்டானை ஒருபோதும் அனுப்பாதீர்கள். மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலை அழையுங்கள்.

மலைச்சாலையில் சுமையோடு இறங்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

தாப்பாவிலிருந்து ரிங்லெட் பக்கம் போய் வருபவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எந்த கியரில் ஏறினோமோ அதைவிடத் தாழ்ந்த கியரில், கால் பிரேக் அல்லாத துணைத் தடுப்புகளான எக்ஸாஸ்ட் பிரேக்கையோ ரிட்டார்டரையோ போட்டுக்கொண்டு, இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கால் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் போய்விடும். பிறகு எந்த ஓட்டுநரின் திறமையும் கைகொடுக்காது. ஆபத்து மலைச்சாலையில் மட்டும் இல்லை. 2025 மே 13ஆம் நாள், சித்ரா பௌர்ணமித் திருவிழாப் பாதுகாப்புப் பணியை முடித்துவிட்டுத் தெலுக் இந்தானிலிருந்து திரும்பிய கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனமும் கல் ஏற்றி வந்த லோரியும் மோதி 9 பேர் உயிரிழந்தது சமவெளிச் சாலையில்தான். அன்றிலிருந்து எங்கள் முற்றத்தில் எந்த டிரெய்லரும் பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றையும் பார்க்காமல் வெளியே போவதில்லை. முன்பும் பார்த்தோம், இப்போது எழுதிக் கையெழுத்திட்டுப் பார்க்கிறோம்.

அச்சில் ஹைட்ராலிக் உள்ள டிரெய்லர் எப்படிக் கவிழ்கிறது? அது சமநிலைப்படுத்தும் என்கிறார்களே?

சமநிலைப்படுத்தும், வால்வுகள் சரியாக இருந்தால். இடப்பக்கச் சிலிண்டர்கள் எல்லாம் ஒரு தொகுதியாகவும், வலப்பக்கச் சிலிண்டர்கள் எல்லாம் மற்றொரு தொகுதியாகவும் இணைந்திருக்கும். கிங்பின் மூன்றாவது தாங்குபுள்ளி. ஒரு தொகுதிக்குள் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் எண்ணெய் அடுத்த சிலிண்டருக்கு ஓடி, எல்லா அச்சுகளும் சமமாகச் சுமக்கும். சுமையின் எடைமையம் இந்த மூன்று புள்ளிகள் அமைக்கும் முக்கோணத்துக்குள் இருக்கும்வரை கவலையில்லை. ஆனால் முன்னால் செல்லச் செல்ல முக்கோணம் குறுகுகிறது. ஆகவே உயரமான சுமையை முன்னுக்கு ஏற்றி, சரிவான சாலையில் சென்றால் எடைமையம் கோட்டைத் தாண்டிவிடும். இடது வலதுத் தொகுதிகளை இணைக்கும் வால்வைத் தவறுதலாகத் திறந்து வைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: சாய்ந்த பக்கத்து எண்ணெய் மறுபக்கம் ஓடி, சாய்வு தானாகவே வளரும். புறப்படும் முன் அந்த வால்வைக் கையால் தொட்டுப் பார்த்து மூட வேண்டும். இருபக்க அழுத்தமானிகளும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒரு பக்கம் 120 பார், மறுபக்கம் 160 பார் என்று காட்டினால் சுமை நடுவில் இல்லை; இறக்கி மீண்டும் ஏற்றுங்கள்.

ஆலைக்குக் கொதிகலனோ ஸ்டெரிலைசரோ கொண்டுவர இதே டிரெய்லர் போதுமா?

பெரும்பாலும் போதாது. பல அச்சுவரிசைகளைக் கோத்து நீட்டக்கூடிய, ஒவ்வொரு வரிசையும் தனித்தனியே திரும்பும் ஹைட்ராலிக் மாடுலர் டிரெய்லர்கள் அதற்கென்றே இருக்கின்றன; கோல்டுஹோஃபர், ஷாய்ர்லே போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் அவற்றில் பெயர் பெற்றவை. அவற்றின் சிலிண்டர்கள் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் வரை ஏறி இறங்கும். அந்த வேலையை அதற்கான பொறியாளர் உள்ள நிறுவனத்திடம் விடுங்கள். தோட்டத்துக்குள் சாலையைச் செப்பனிட்டுத் தருவது மட்டும் நம் வேலையாக இருக்கட்டும்.

ஹைட்ராலிக் எண்ணெயும் சிலிண்டரும் விரைவில் கெட்டுப்போகக் காரணம் என்ன?

வெப்பம், தண்ணீர், உப்பு. நம் வெயிலுக்கு விஜி 46 அல்லது விஜி 68 எண்ணெய் (எண் கூடினால் எண்ணெய் கெட்டியானது). தயாரிப்பாளர் எதைச் சொல்கிறாரோ அதையே ஊற்றுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். தொட்டியின் மூச்சுமூடி உடைந்து மழைநீர் இறங்கியிருக்கும்.

உப்பு என்று சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. வேலை இல்லாத நாட்களில் பலர் லோ லோடரில் உரமூட்டை ஏற்றுகிறார்கள். செம்பனைக்கு இடும் பொட்டாஷ் உரமான எம்ஓபி என்பது பொட்டாசியம் குளோரைடு. ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைக் கடுமையாக அரிக்கும். சிலிண்டர்த் தண்டின் குரோம் பூச்சில் ஊசிமுனையளவு புள்ளி விழுந்தால் போதும். அது ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் சீலை அறுக்கும். உரம் ஏற்றிய அன்றே தளம், சங்கிலி, சிலிண்டர் அனைத்தையும் நல்ல தண்ணீரில் கழுவி, தண்டுகளை உள்ளே இழுத்த நிலையில் டிரெய்லரை நிறுத்துங்கள்.

எண்ணெய் எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்கலாமா?

ஒருபோதும் கூடாது. ஊசித்துளையிலிருந்து 150 பாருக்கு மேல் பீறிடும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே தசை அழியத் தொடங்கும், உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும். தோட்டத்து மருந்தகத்தில் மருந்து பூசி அனுப்பிவிடாமல், "அழுத்த எண்ணெய் உள்ளே போய்விட்டது" என்று தெளிவாகச் சொல்லி நேரே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டைக் குறுக்கே நீட்டினால் போதும்; எண்ணெய் அதில் கோடு போடும்.

பழைய டிரெய்லர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

புதுச் சாயத்தைப் பார்க்காதீர்கள். கழுத்து வளைந்து தளத்தோடு சேரும் இடத்தில் முதன்மைச் சட்டத்தின் அடியில் விளக்கு அடித்துப் பாருங்கள். விரிசலும், விரிசலை மறைத்த வெல்டிங்கும் அங்கேதான் இருக்கும். கிங்பின்னை அளங்கள்: 2 அங்குல வகை புதிதாக இருக்கும்போது 50.8 மில்லிமீட்டர், 49 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தால் மாற்றியாக வேண்டும். உங்கள் பிரைம் மூவரில் கிங்பின் பொருந்தும் தட்டான ஃபிஃப்த் வீல் 2 அங்குலமா மூன்றரை அங்குலமா என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு விற்பவரிடம் ஒரு சுமையை ஏற்றித் தளத்தை உயர்த்தச் சொல்லி, வால்வை மூடி, மோட்டாரை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு சிலிண்டர்த் தண்டிலும் சீலை ஒட்டி ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டு, அரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்து காத்திருங்கள். டேப் சீலுக்குள் நுழையத் தொடங்கியிருந்தால் உள்கசிவு இருக்கிறது. எந்தச் சிலிண்டர் என்று குறித்துக்கொண்டு, சீல் மாற்றும் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். கடைசியாக, சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண்ணும் கிராண்ட்டில் (வாகனப் பதிவுச் சான்றில்) உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்றும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வாகனப் பரிசோதனை எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்றும் பார்த்த பிறகே முன்பணத்தைக் கொடுங்கள்.